நல்லாத் தூங்கினீங்க

கண்ணை மூடக் கூடாது. செவ்வந்திலிங்கம் கூடத்து நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து எதிர்ச் சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அது தொட்டிலை ஆட்டுகிற மாதிரி இருந்ததால் பார்வையை மாற்றி வாசல் கதவைப் பார்த்தார். பேத்தி மதுமிதாவைப் பெண் பார்க்கக் கரூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம், அதற்கு முன்னால் வந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள். எத்தனையோ வேளை இருக்க, சோறு வயிற்றில் இறங்கிக் கிழவனின் இமையில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுகிற இந்த மத்தியானம்தான் நல்ல வேளையாக அமைந்திருக்கிறது. காலையில் மருமகள் சுகுணா பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், "மாமா, அவங்க இருந்துட்டுப் போற வரைக்கும் மட்டும் தூங்கிறாதீங்க." சொன்னது அதிகம் என்று பட்டதோ என்னவோ, "கொஞ்ச நேரந்தானே" என்றும் சேர்த்துக்கொண்டாள். மகன் தயாளனுக்கு இவரை ஸ்ரீரங்கத்தில் யார் வீட்டிலாவது விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று யோசனை. பெரியவர் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று சுகுணாதான் தடுத்தாள். பெண் வீட்டுப் பெரியவர் கூடத்தில் இல்லாவிட்டால் ஒரு பேச்சு. இருந்து, கண் அசந்து, வாயைத் திறந்துவிட்டால் அது வேறு பேச்சு. இரண்டு பேச்சுக்கும் நடுவில் அவரை இந்த நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள், இஸ்திரி போட்ட வேட்டியோடு, நெற்றியில் திருநீறோடு, ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்த கண்ணோடு. தூக்கத்தில் பேசுகிறீர்கள் என்று அவள் சொன்ன நாளிலிருந்து அவர் ராத்திரியில் சரியாகத் தூங்குவதில்லை. தூங்காத ராத்திரிகள் எல்லாம் சேர்ந்து பகலில் வந்து வாசலில் நிற்கின்றன. நாலு வாய் ரசம் சாதத்தோடு இலையை மூடியும் பயனில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டார். வலித்தது. வலி நல்லது.

பேசுகிறது என்றால் பேசுகிறது இல்லை, ஏசுகிறது. அதைச் சொல்ல சுகுணாவுக்கு மாதக் கணக்கில் வாய் வரவில்லை. மனைவி தையல்நாயகி போன பிறகு ரயில்வே காலனிப் பக்கத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அவர் இங்கே வந்தார். அடுக்குமாடி வீடு, அறைக்கும் அறைக்கும் நடுவில் பேருக்கு ஒரு சுவர். ஒருநாள் சுகுணா காபியைக் கொடுத்துவிட்டு நின்றாள். "மாமா, உங்களுக்கு எங்க மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். அவருக்குக் கோபமா? திருச்சி ஜங்ஷனில் முன்பதிவுக் கவுண்டரில் காலமெல்லாம் உட்கார்ந்தவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எவன் எவனோ என்னென்னவோ சொல்லித் திட்டியிருக்கிறான், தீபாவளிக்கு டிக்கெட் இல்லை என்றால் அவர்தான் மடியில் கட்டிக்கொண்டு போன மாதிரி. எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்தது ஒரே வார்த்தை: "அடுத்தவங்க வாங்க." பக்கத்துக் கவுண்டர்க்காரர்கள் அவருக்கு ஊமைச்சாமி என்று பேரே வைத்திருந்தார்கள். வீட்டிலும் அப்படித்தான். தையலை ஒரு நாள், ஒரு பொழுது, அதட்டிக் கூப்பிட்டதில்லை. பாலைப் பொங்கவிட்டபோதும் இல்லை, மகனுக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரி மருந்தைக் கீழே போட்டு உடைத்தபோதும் இல்லை. கோபம் வந்தால் தொண்டையிலேயே ஒரு மிடறு தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிடுவார். அது உள்ளே போய் என்ன ஆகிறது என்று அவர் யோசித்ததில்லை. வயிற்றுக்குள் போனது செரித்துவிடும் என்றுதானே எவனும் நினைப்பான். இல்லை, இப்போது நினைத்துப் பார்த்தால் அது கோபம்கூட இல்லை. கோபமாக இருந்தால் அவருடையது என்றாவது இருக்கும். கடிகாரம். கடிகாரத்தைப் பார்க்காதே. வாசல் படியில் செருப்புச் சத்தம்.

வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன், அவன் அம்மா, அப்பா, வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா. கும்பிட்டார், உட்காரச் சொன்னார், வழியில் வெயில் எப்படி என்று கேட்டார். தன் குரல் தன் காதில் நன்றாகவே விழுந்தது, தணிந்த, மரியாதையான, கண்ணாடித் துவாரத்துக்குப் பழகிய குரல். சுகுணாவின் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது. பெரியப்பா பேச்சுக்காரர். குளித்தலைப் பாலம், குடமுருட்டி, வாழைத்தார் விலை என்று போய்க்கொண்டே இருந்தார். அந்தக் குரல் ஒரே சுருதியில், மின்விசிறியோடு சேர்ந்து, பஞ்சுமூட்டை மாதிரி இவர் மேல் வந்து வந்து சாய்ந்தது. தொடையைக் கிள்ளிக்கொண்டார். தலை ஒருமுறை முன்னால் விழுந்து நிமிர்ந்தது. ஒருமுறைதானா? மாப்பிள்ளையின் அம்மா, "பாவம், பெரியவருக்குக் கண்ணு சொக்குது பாருங்க" என்றாள். மாமா பகலில் தூங்குகிற வழக்கமே இல்லை என்று சுகுணா அவசரமாகச் சொன்னாள். பெரியப்பா விடுகிறவராக இல்லை. "ஐயா, எங்களுக்காக முழிச்சுக்கிட்டு உக்காராதீங்க. எங்க வீட்டுலயும் வயசானவங்க உண்டு, எங்களுக்குத் தெரியாதா? உள்ள போய் ஒரு கோழித்தூக்கம் போடுங்க. நீங்க சாஞ்சாத்தான் நாங்க காபியத் தொடுவோம்." விருந்தாளி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவருடைய மரியாதையே அவர் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளியது. எழுந்தபோது சுகுணா பார்த்த பார்வையில் வேண்டுதலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது.

அறைக்குக் கதவு உண்டு. ஆனால் கூடம் விசாலமாகத் தெரிய வேண்டும் என்று பழைய தையல் மிஷின், துணிக்கூடை, கிழிந்த மோடா, தயாளனின் ஹெல்மெட் எல்லாவற்றையும் காலையில் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் திணித்தார்கள். இப்போது கதவு சாத்தாது. நடுவில் ஒரு பூப்போட்ட திரை, அவ்வளவுதான். கட்டிலின் விளிம்பில், சாயாமல் உட்கார்ந்தார். சாய்ந்தால் போச்சு. தலையணை பக்கத்திலேயே, வாய் பிளந்து, அவருக்காகவே காத்திருக்கிற மாதிரி கிடந்தது. அந்தத் தலையணைக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது அதற்குத் தெரியும். மனுஷனுக்குத் தன்னைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது தெரிந்துவிடும், தூங்கும்போது தான் யார் என்பது மட்டும் தெரியாது. அதற்கு, பக்கத்தில் படுத்தவள்தான் சாட்சி சொல்ல வேண்டும். அவர் சாட்சி செத்துப் போய்விட்டாள். அவர் தூக்கத்தில் பேசியதைச் சுகுணா கைபேசியில் பிடித்து வைத்திருந்தாள். நம்பாதவருக்கு நிரூபிக்க அல்ல, டாக்டரிடம் காட்டலாம் என்றுதான். கேட்கிறீர்களா என்று கேட்டாள். கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். முதலில் மின்விசிறிச் சத்தம். பிறகு யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அந்தக் கனைப்பிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அது அவர் குரல் இல்லை. அது அப்பா. புகையிலை போட்டுத் தடித்த நாக்கு, சொல்லின் கடைசியை இழுத்து அறைகிற அந்த இழுப்பு, "ஏன்டி இன்னும் உசுரோட இருக்கே, செத்துத் தொலையேன்டி மூதேவி..." லால்குடி வீட்டில் அவர் சின்னப் பையனாகக் கேட்ட அதே வார்த்தை, அதே வரிசையில், நடுவில் நிறுத்தி மூச்சு விடுகிற அதே இடத்தில் மூச்சு விட்டு. அப்பா செத்து எத்தனை காலம். அவரை எரித்த சாம்பலைக் கொள்ளிடத்தில் இவர் கையால்தான் கரைத்தார். கரையவில்லை போலிருக்கிறது.

அப்பா கை நீட்டியதில்லை. ஊரில் அதையே பெருமையாகச் சொல்வார்கள், பொண்டாட்டியை ஒரு அடி அடிச்சதில்லை மனுஷன் என்று. ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் ஆரம்பிப்பார், சத்தம் போடாமல், தெருவுக்குக் கேட்காமல், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துத் துடைத்து வைக்கிற மாதிரி. பையன் தூங்குகிறான் என்று நினைப்பார். பையன் தூங்குகிற மாதிரி மூச்சு விடுவான். அதை அவன் கற்றுக்கொண்டிருந்தான்: உள்ளே இழுக்கும்போது கொஞ்சம் தேங்க வேண்டும், வெளியே விடும்போது உதட்டை லேசாகத் தளர விட வேண்டும், எச்சில் விழுங்கவே கூடாது. எல்லாம் முடிந்த பிறகு அம்மா வந்து குனிந்து பார்ப்பாள். தூங்கிட்டியாப்பா என்பாள். பதில் சொல்ல மாட்டான். அவள் பெருமூச்சு முகத்தில் படும். காலையில் தலை வாரிவிடும்போது, நல்லாத் தூங்கினியா என்று கேட்பாள், ம் என்பான். அவளுக்கு நிம்மதி. அப்பா மாதிரி ஒரு வார்த்தை தன் வாயில் வராது என்று அவர் அந்தப் பாயில் படுத்தபடி சபதம் செய்தார், செய்ததை நிறைவேற்றினார், விழித்திருந்த வரைக்கும். விழித்திருப்பவன்தான் சபதம் செய்தான். தூங்குகிறவனிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. அவன் அந்தப் பாயிலேயே படுத்து, ஒரு வார்த்தை சிந்தாமல் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

எச்சில் விழுங்கினார். கூடத்தில் சிரிப்புச் சத்தம். தட்டுகள். மதுமிதா பட்டுப்புடவை சரசரக்கத் திரையை விலக்கி வந்து ஸ்டூலில் காபியை வைத்து, "தாத்தா, சூடா இருக்கு, ஆத்திக் குடிங்க. பையன் ஓகே மாதிரிதான் இருக்கு" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனாள். முகத்தில் பூத்திருந்த சிரிப்பை மறைக்கத் தெரியவில்லை அவளுக்கு. மறைக்கத் தெரியாமலே இருக்கட்டும். குடிக்க வேண்டும், குடித்தால் தெளியும், ஆனால் கொதிக்கிறது, கொஞ்சம் ஆறட்டும். தையல் காபியை ஆற்றித்தான் கொடுப்பாள். கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ராத்திரி எப்படி என்று இவர் கேட்பதும், "நல்லாத் தூங்கினீங்க" என்று அவள் சொல்வதும், அப்படியா என்று இவர் டபராவைக் கையில் எடுப்பதும், கல்யாணம் ஆன புதிதிலிருந்து ஒரு பூஜை மாதிரி நடந்தது. எவ்வளவு திருப்தியாகக் குடித்தார். நல்லாத் தூங்குகிறவன் நல்ல மனுஷன் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அவளுக்கு அப்பாவைத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பே அவர் போய்விட்டார், சுவரில் மாலை போட்ட படம் மட்டும்தான், வாய் மூடிய படம். அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பகல் முழுக்க வாய் திறக்காத புருஷன் விளக்கை அணைத்ததும் மனசைத் திறக்கிறான் என்றுதானே எடுத்துக்கொண்டிருப்பாள். இதுதான் இவருடைய நிஜம், பகலில் இருப்பது கவுண்டர் மரியாதை என்று. தயாளன் பிறந்த பிறகு பாயை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மின்விசிறிக் காற்று ஆகவில்லை என்றாள். நம்பினார். அதற்கு முன்னால் பக்கத்தில் படுத்திருந்த காலத்தில் இவர் நடுவில் விழித்துப் பார்த்தால் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், உள்ளே இழுக்கும்போது கொஞ்சம் தேங்கி, வெளியே விடும்போது உதடு தளர்ந்து. அந்த மூச்சு. அந்த மூச்சை அவருக்குத் தெரியாதா? அவர் விட்ட மூச்சுதானே அது. எத்தனை முறை அதைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகப் புரண்டு படுத்தார். கேட்ட காதை அறுத்துப் போடலாம்.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றபோது வேண்டாம் என்றாள். போதும் என்றாள். டாக்டர் அவ்வளவு சொல்லியும் போதும் என்றாள். அன்றைக்கு இவர் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, "நான் போயிட்டா நீங்க நிம்மதியாத் தூங்குவீங்க" என்றாள். தன்னுடைய இருமல் அவரைத் தூங்கவிடவில்லை என்பதைச் சொல்கிறாள் என்று நினைத்து, அதெல்லாம் ஒன்றுமில்லை, எனக்குத் தூக்கத்துக்கு என்ன குறைச்சல் என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். சிரித்துக்கொண்டே. அவளும் சிரித்தாள். என்ன நினைத்துச் சிரித்தாள்? கேட்க முடியாது. சொல்லவும் முடியாது. ஏன்டி இன்னும் உசுரோட இருக்கே என்று ராத்திரி ராத்திரியாகக் கேட்டவனுக்கு அவள் ஒருநாள் பதில் சொல்லிவிட்டுப் போனாளா? கண்ணை மூடாதே. மூடினால் வருவது அவள் முகம் இல்லை, வாய். தஞ்சாவூர் லைனில் ஸ்டேஷன் பேரை வரிசையாகச் சொல்லிக்கொண்டிரு, அதுதான் வழி, ராத்திரிகளில் அப்படித்தான் விழித்திருக்கிறாய். பொன்மலை. மஞ்சத்திடல். திருவெறும்பூர். தொண்டைமான்பட்டி. கூடத்தில் பெரியப்பா நிச்சயத்தை வைகாசியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். நல்லது. எல்லாம் நல்லபடி நடக்கிறது. அவர் விழித்துத்தான் இருக்கிறார், ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுகிறது. சோளகம்பட்டி. ஐயனாபுரம். பூதலூர். பூதலூரில் இந்த வண்டி நிற்காது, ஆனால் நின்றது. இறங்கியவர்கள் எல்லாம் நேராகக் கவுண்டருக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையில் இத்தனை கூட்டம் இருக்காதே என்று நினைத்துக்கொண்டார். விழித்திருப்பதால்தான் இதையெல்லாம் நினைக்க முடிகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தையல் நின்றாள். காபி நிறப் புடவை, ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பட்டை இன்னும் கழற்றவில்லை. "எனக்கு ஒண்ணுதான்" என்றாள். எந்த ஊருக்கு என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது விட்டால் அடுத்தவர் வந்துவிடுவார். துவாரத்தில் வாயை வைத்து, மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்ல ஆரம்பித்தார். தையலு, அது நான் இல்லை. அது எங்கப்பா. நீ பார்த்ததில்லை. நான் பாயில படுத்துக் கேட்டது அத்தனையும் உள்ள தங்கிப் போச்சு. உன்னை நான் ஒரு வார்த்தை தப்பா நினைச்சுக்கூடப் பார்த்ததில்லை. எவ்வளவு சுலபமாக வந்தது. வாழ்நாளில் இவ்வளவு பேசியதில்லை அவர். பின்னால் யாரோ தோளில் கை வைத்து நின்றார்கள், புகையிலை வாசனை வந்தது, திரும்பிப் பார்க்க நேரமில்லை, சொல்லிக்கொண்டே போனார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். பார்க்கட்டும். இனிமேல் என்ன. சொல்லி முடித்தபோது மார்பிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கண்ணாடி முழுக்க ஆவி படிந்து அவள் முகம் தெரியாமல் போயிற்று.

விழித்துத்தான் இருந்தார். காபி ஆறியிருக்கும் என்று கையை நீட்டினார். நீட்டிய கை தலையணையில் பட்டது. கன்னத்தில் எச்சில் ஈரம். ஸ்டூலில் காபி அப்படியே இருந்தது, மேலே ஆடை திரண்டு சுருங்கி, ஓரத்தில் ஒரு எறும்பு மிதந்தது. கூடத்தில் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, திரையை விலக்கினார். நாற்காலிகள் போட்டது போட்டபடி, ஒன்று மட்டும் பின்னால் தள்ளிக் கோணலாக நின்றது. தட்டுகளில் பஜ்ஜி, கேசரி, ஒரு விள்ளல் எடுத்த இடம்கூடத் தெரிந்தது, மற்றது அப்படியே. வெற்றிலைத் தாம்பாளத்தை யாரும் தொடவில்லை. ராகு காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. தயாளன் பால்கனியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். சமையலறையில் சுகுணா குழாயை முழுக்கத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், தேய்க்கப் பாத்திரமே இல்லாத நேரத்தில். மதுமிதா புடவையை மாற்றியிருக்கவில்லை. தலையில் பூ இருந்தது. கையில் புதிதாகப் போட்ட காபியோடு வந்தாள், அவரை அதே நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"அவங்க..." என்றார்.

"கெளம்பிட்டாங்க தாத்தா. தூரம் போகணும்ல." டபராவில் ஊற்றி, தூக்கி ஆற்றினாள். நுரை ஒரு சொட்டு பட்டில் விழுந்தது, துடைக்கவில்லை.

"நான் தூங்கிட்டனாம்மா?"

ஆற்றுகிற கை ஒரு நொடி நின்றது. அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தார். சின்னப் பெண், சிரிப்பை மறைக்கத் தெரியாதவள், முகத்தில் எல்லாம் எழுதியிருக்கும், அதைப் படித்துவிடலாம், என்ன சொன்னேன் என்று கேட்டுவிடலாம், அது நான் இல்லை என்று உயிரோடு இருக்கிற ஒருத்தியிடமாவது சொல்லிவிடலாம். அவள் டம்ளரை அவர் கையில் வைத்து, விரல்களைப் பிடித்து மூடிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நல்லாத் தூங்கினீங்க தாத்தா."

காபி பதமான சூட்டில் இருந்தது.

"அப்படியா" என்றார் செவ்வந்திலிங்கம்.